முன்னோர் சொத்து இருந்த இடத்தைத் தேடிப் போன அனுபவம்: பினாங்கு, கிட்டங்கித் தெரு

ராம்நாட்டான்

போன மாதம் பினாங்கு போய் வந்தேன். வந்த நாளிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் பூட்டனாருக்கு ஜார்ஜ் டவுனில் இரண்டு கடைவீடுகள் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். ஒன்று சூலியா ஸ்ட்ரீட், இன்னொன்று கிட்டங்கித் தெரு 41. மசாலாச் சாமான் வியாபாரம். 1941-ல் ஒரு கல்யாணத்துக்கு ஊர் வந்தார். டிசம்பரில் ஜப்பான்காரன் பினாங்கில் குண்டு போட்டான், போக்குவரத்து அறுந்துபோனது. சண்டை முடிவதற்குள் மௌத்தாகிவிட்டார். எங்களிடம் மிஞ்சியது ஒரு தகரப் பெட்டி, அதில் கொஞ்சம் கடிதம், ஒரு கட்டு வாடகை ரசீது.

சூலியா ஸ்ட்ரீட் வீட்டின் நம்பர் எந்தக் கடிதத்திலும் இல்லை. அதனால் கிட்டங்கித் தெருவைத்தான் தேடினேன். எந்த வரைபடத்திலும் அப்படி ஒரு தெரு இல்லை. கடைசியில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கம் காசு மாற்றும் கடையில் ஒரு பெரியவரைக் கேட்டேன். “கிட்டங்கித் தெருவா? பினாங் ஸ்ட்ரீட்டைத்தான் எங்க வாப்பா காலத்துல அப்படிச் சொல்லுவாங்க. செட்டியாருங்க தங்கி வட்டித் தொழில் பண்ணுன கிட்டங்கி இருந்த தெரு. இங்கேருந்து மூணாவது” என்றார். எண்பது வருஷமாகக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாததை எச்சில் விழுங்குகிற நேரத்தில் சொல்லிவிட்டார். தன் கடைப் பையனையும் கூட அனுப்பினார்.

41-ல் ஒரு சீனப் பெரியவர் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். சிரித்துத்தான் வரவேற்றார். நான் பிளாஸ்டிக் உறையிலிருந்து பழைய ரசீதை எடுத்ததும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். பையனிடம் மலாயில் ஏதோ கேட்டார். பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “வீட்டை எடுக்க வந்தீங்களான்னு கேக்குறாரு.”

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஜனவரி 1-ஆம் தேதியோடு போனபோது, தலைமுறையாக அங்கே இருந்தவர்கள் பலர் புது வாடகை கட்ட முடியாமல் வெளியேறினார்கள் என்று பையன் பிறகு சொன்னான். இவருடைய முந்தைய கடையும் அப்படித்தான் போனதாம். கையில் காகிதத்தோடு வருகிறவன் என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்.

இல்லை, சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்துபோய் பலகைக் கதவில் பாதியைச் சாத்தினார். மீதி இடைவெளியில், நடுமுற்றத்து வெளிச்சம் ஒரு தண்ணீர்ச் சாடி மேல் விழுவது தெரிந்தது. உள்ளே நான் பார்த்தது அவ்வளவுதான். ஐந்தடியில், அதாவது கடை முன்னால் உள்ள நடைவராந்தாவில், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

லெபு பாசார்

பினாங்கில் பிறந்து வளர்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம் பாய். பினாங் ஸ்ட்ரீட் முழுவதையும் கிட்டங்கித் தெரு என்று சொல்லிவிட முடியாது. செட்டியார்கள் இருந்த பகுதியைத்தான் எங்கள் பாட்டி அப்படிச் சொல்வார். மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்குக் கடைத்தெரு என்று பெயர். சீனர்கள் அவர்கள் பாஷையில் ஒவ்வொரு தெருவுக்கும் வேறு பெயர் வைத்திருந்தார்கள். இன்னொன்று, சண்டைக்கு முந்தைய 41-தான் இன்றைய 41 என்று எப்படி நம்பினீர்கள்? எங்கள் வீட்டிலேயே மூன்று தலைமுறைக் காகிதத்தில் மூன்று நம்பர் இருக்கிறது, வீடு ஒன்றுதான்.

எங்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன். பாட்டனார் வீடு சொந்த வீடு என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். தேடிப் போனால் கட்டடம் மட்டும்தான் எங்களுடையது, மண் வக்ஃபுடையது. 1801-ல் காதர் மொஹிதீனைக் கப்பித்தானாக, அதாவது சமூகத் தலைவராக, ஆக்கியபோது கிழக்கிந்தியக் கும்பெனி பள்ளிவாசலுக்குக் கொடுத்த 18 ஏக்கர் எவ்வளவு தூரம் விரிந்திருந்தது என்று இன்று அந்தத் தெருக்களில் நடக்கிறவர்களுக்குத் தெரியாது. 1905-ல் சட்டம் போட்டு, முஸ்லிம், இந்து அறக்கட்டளைச் சொத்துகளை ஒரு வாரியத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். பாட்டி தலையணைக்கு அடியில் வைத்திருந்த ‘பத்திரம்’ மண் வாடகைக்கான ரசீது. அதைப் படித்துச் சொன்னவன் நான்தான். பாட்டி ஒன்றும் பேசாமல் வாங்கி, முன்பு இருந்த மடிப்பிலேயே மடித்துத் திரும்பத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அந்த முகம் எனக்கு மறக்காது.

உங்கள் ரசீதில் கொடுத்தவர் பெயர் எது, வாங்கியவர் பெயர் எது என்று ஒருமுறை நன்றாகப் பாருங்கள்.

தேவகோட்டை மருமகள்

நாங்கள் போனது ரங்கூன், 2016-ல். எங்கள் மாமனாரின் அப்பாவுக்கு மொகல் தெருவில் பெட்டியடி, அதாவது வட்டிக்கடை, இருந்தது, சொந்தக் கட்டடம், மூன்று மாடி. 1942-ல் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வந்தவர்கள். வயல் போனது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும், 1948-ல் பர்மா போட்ட நில நாட்டுடைமைச் சட்டம். டவுனுக்குள் இருந்த கட்டடத்தைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேசமாட்டார்கள்.

மொகல் தெரு இப்போது ஷ்வே பொந்தா. டல்ஹவுசி ஸ்ட்ரீட் மகாபந்துலா. எங்களிடம் இருந்த பழைய பேரேட்டில் எல்லாம் பழைய பெயர்கள், கையில் இருந்த வரைபடத்தில் எல்லாம் புதிய பெயர்கள். அதைவிடக் கஷ்டம், ஒரே தெருவை மேல் பிளாக், நடு பிளாக், கீழ் பிளாக் என்று மூன்றாக வெட்டிச் சொல்வது. எங்கள் பேரேட்டில் பிளாக் இல்லை. மூன்று பிளாக்கும் நடந்தோம்.

அந்த ஊரில் மாடி வீடுகளில் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் கயிறு தொங்கும். நுனியில் ஒரு கிளிப் இருக்கும், பேப்பரோ சாப்பாட்டுப் பொட்டலமோ மாட்டிவிட்டால் மேலே இழுத்துக்கொள்வார்கள். இழுத்தால் மேலே மணி அடிக்கும். நாங்கள் தேடிய கட்டடம் இதுதான் என்று என் வீட்டுக்காரர் ஒரு வாசலில் நின்றுவிட்டார். நிலைக்கு மேலே சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் எங்கள் விலாசத்தின், அதாவது கடைப் பெயரெழுத்துகளின், முதல் எழுத்து, ‘ரூனா’, தமிழில், பாதி அழிந்து தெரிந்தது. நான் ஒன்றும் யோசிக்காமல் மூன்றாம் மாடிக் கயிற்றை இழுத்துவிட்டேன். முகத்தில் தனக்கா மரப்பட்டைக் குழம்பு பூசிய ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். என்ன, ஏது என்று கேட்கவில்லை. கயிற்றை மேலே இழுத்து, கிளிப்பில் சாவியை மாட்டிக் கீழே இறக்கினாள்.

முன்பின் தெரியாதவர்களுக்குச் சாவி. தேக்குப் படிக்கட்டு, கைப்பிடி வழவழவென்று இருந்தது. அதைத் தொட்டதும் இவர் அழுதுவிட்டார். முப்பது வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை.

பாய், உங்களுக்குப் பாதிக் கதவு சாத்திக்கொண்டது என்று படித்ததும் மனது கேட்கவில்லை. அதனால்தான் எழுதினேன்.

புதுவை 605001

எல்லோரும் உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறீர்கள், சரி. ஆனால் தேடும் முறை தப்பு. தெருப் பெயரையும் கதவு நம்பரையும் பிடித்துக்கொண்டு போனால் இப்படித்தான் ஆகும். இரண்டும் மாறும். மாறாதது செக்குபந்திதான். கிழக்கே யார் வீடு, மேற்கே எந்தச் சந்து, எத்தனை அடி நீளம் என்று எழுதியிருக்கும். பத்திரம் கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரின் பத்திரத்தைத் தேடுங்கள், அதில் உங்கள் ஆள் எல்லையாக வருவார். பினாங்கு என்றால் லாட் நம்பரும் செக்‌ஷன் நம்பரும் வேண்டும், அதை வைத்துத்தான் நில அலுவலகத்தில் பேச முடியும். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது, பினாங்குப் பத்திரிகைகளும் உண்டு. அடமானம் மூழ்கிய சொத்துகளின் ஏல விளம்பரங்களைப் பாருங்கள், இடம், அளவு எல்லாம் அச்சில் இருக்கும். உங்கள் பெரியவர் பெயரை ஆங்கிலத்தில் ஏழெட்டு விதமாக எழுதித் தேட வேண்டும். ஒரே விதமாக எழுதித் தேடிவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எங்கள் ஊர் மாதிரி பிரெஞ்சு ஊர் என்றால் இன்னும் நல்லது. குடியேற்ற ஊர்களில் நொத்தேர், அதாவது பத்திரம் எழுதிப் பதியும் அதிகாரி, எழுதும் பத்திரங்களுக்கும் பிறப்பு, இறப்புப் பதிவுகளுக்கும் ஒரு நகல் பிரான்சுக்கு வந்தாக வேண்டும் என்று பதினாறாம் லூயி 1776-லேயே கட்டளை போட்டுவிட்டார். அவை இப்போது எக்ஸ்-அன்-புரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பிறப்பு, இறப்புப் பதிவுகளை இணையத்திலேயே பார்க்கலாம். ஆனால் 1761-ல் இங்கிலீஷ்காரன் புதுச்சேரியை இடித்துத் தரைமட்டமாக்கினான் என்பதை மறக்காதீர்கள். துய்ப்ளேக்ஸ் இங்கே கவர்னராக இருந்தது அதற்கு முன்னால். “எங்கள் வீடு துய்ப்ளேக்ஸ் காலத்து வீடு” என்று சொல்பவர்களிடம் முதலில் நான் கேட்பது அதைத்தான்.

எங்கள் வீட்டை நான் கண்டுபிடித்தது ஒரு கிணற்றை வைத்து. பத்திரத்தில் தெற்கு எல்லை ‘பொதுக்கிணறு’. நேரு வீதி, பழைய துய்ப்ளேக்ஸ் வீதி, அங்கே ஒரு துணிக்கடையின் பின்கட்டில் ரப்பர் விரிப்பைத் தூக்கிக் காட்டினார்கள், அடியில் வட்டமாகக் கருங்கல் மூடி இருந்தது. காலால் தட்டினேன், உள்ளே பொக்கென்று சத்தம் கேட்டது.

ராம்நாட்டான் ஒரு நல்ல வக்கீலைப் பார்க்க வேண்டும். விட்டுவிடக் கூடாது.

தேவகோட்டை மருமகள்

ஐயா, விவரமெல்லாம் நல்ல விவரம், நானும் குறித்துக்கொண்டேன். ஆனால் இங்கே யாரும் வீட்டை மீட்கப் போகவில்லை. அந்தப் பெரியவர் பயந்ததே வக்கீல் வந்துவிடுவார் என்றுதானே? அதை இவர் சொல்லி வருத்தப்படுகிறார், நீங்கள் வக்கீலைப் பார் என்கிறீர்கள்.

புதுவை 605001

தங்கச்சி, உரிமை என்று ஒன்று இருந்தால் அதைத் தெரிந்தாவது வைத்திருக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். இடத்தை விட்டுக்கொடுப்பது அவர் இஷ்டம். தெரியாமல் விடுவது வேறு, தெரிந்து விடுவது வேறு.

ராம்நாட்டான்

எல்லோருக்கும் நன்றி. லெபு பாசார் பாய் சொன்னபடி நேற்று ராத்திரி ரசீதுக் கட்டைப் பிரித்தேன். மொத்தம் 23. இத்தனை நாளும் நாங்கள் பார்த்தது பூட்டனார் பெயரையும் தெருப் பெயரையும் மட்டும்தான். ‘வாடகை ரசீது’ என்று அத்தா சொல்வார், வாடகை வாங்கியவர் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம்.

இருபத்து மூன்றிலும் அவர் பெயருக்கு முன்னால் ‘ரிசீவ்டு ஃப்ரம்’ என்று அச்சடித்திருக்கிறது. வாங்கியவர் இடத்தில் ஏதோ ஒரு கையெழுத்து, படிக்க முடியவில்லை. பூட்டனார் மாதாமாதம் வாடகை கட்டியிருக்கிறார். கிட்டங்கித் தெருவில் அவரும் குடியிருந்தவர்தான். சூலியா ஸ்ட்ரீட் எப்படியோ, அதற்கு ஒரு காகிதமும் இல்லை.

அத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவருக்கு 84 வயது. சொல்வதா, விடுவதா என்றே தெரியவில்லை.

காலையில் காசு மாற்றும் கடைப் பெரியவருக்குப் போன் போட்டேன். ஒரு ரசீதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். படச் சட்டம் போடும் கடைக்காரரிடம் காட்டி, எங்கள் பூட்டனாரும் இங்கே வாடகைக்குத்தான் இருந்தார், எடுத்துக்கொள்ள எங்களுக்கு இங்கே ஒன்றும் இல்லை என்று சொல்லச் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு, பையனைக் கூட்டிக்கொண்டு தானே போவதாகச் சொல்லியிருக்கிறார்.