அன்பு என்றால் பேசாமல் இருப்பதுதானா?

கேள்வி:
தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில், எங்கள் வீட்டில் 12 ஆண்டுகளாக ஞாயிறு மாலை ஒலிபெருக்கி வைத்து ஜெபக்கூட்டம் நடந்து வருகிறது. சென்ற மாதம் இந்து தேசியம் பேசும் சில இளைஞர்கள் வாசலில் நின்று கோஷமிட்டு, உள்ளே இருந்த பெண்களைக் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். என் தாயார் மருத்துவமனையில் கிடந்தபோது இரவெல்லாம் துணையிருந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சியும் அவர்களோடு ஓரமாக நின்றதுதான் எங்களுக்கு ஆறாத வேதனை. வாலிபர்கள் பதிலடி கொடுக்க வேண்டும் என்கிறார்கள். சபை மூப்பர்களோ, பகைவரை நேசிக்கச் சொன்னவரின் பிள்ளைகள் வாய் திறக்கலாகாது என்கிறார்கள். எது சரி?

பதில் 1 (ஓய்வுபெற்ற போதகர்):
தம்பி, 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸ் தம் இரு சிறு மகன்களோடு வண்டிக்குள் எரித்துக் கொல்லப்பட்டபோது, அவர் மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னித்ததாக அறிவித்து, பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான பணியைப் பல ஆண்டுகள் தொடர்ந்தார். அதற்காக வழக்கு நின்றுவிடவில்லை. முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மன்னிப்பு அவருடையது, தண்டனை அரசுடையது. வேதத்தில், பிலிப்பி பட்டணத்தில் விசாரணையின்றி அடிக்கப்பட்ட அப்போஸ்தலன் பவுலும், இரகசியமாக வெளியேற மறுத்து, அதிகாரிகளே நேரில் வந்து அழைத்துப்போகட்டும் என்றாரே. ஆகவே காவல் நிலையத்தில் மனு கொடுங்கள். அந்தக் காணொளியை மட்டும் வாட்ஸ்அப்பில் பரப்ப வேண்டாம்.

பதில் 2 (ஓர் ஆசிரியை):
ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும். அண்ணாச்சி வீட்டு ஜன்னல் வழியாக உங்கள் ஜெபம் எப்படிக் கேட்கிறது? 'அஞ்ஞானிகள்', 'இருளின் பிள்ளைகள்' என்ற சொற்களை ஒலிபெருக்கியில் வாரந்தோறும் கேட்கும் அயலார், அவை தம்மையும் தம் தாயையும் குறிக்கின்றன என்றுதானே எடுத்துக்கொள்வார்? கோஷமிட்டவர்கள் செய்தது இதனால் நியாயமாகிவிடாது. ஆனால் அவர்களையும் அண்ணாச்சியையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். யாராவது அவரிடம் போய்ப் பேசினீர்களா?

பதில் 3 (வழக்கறிஞர்):
அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு, பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. 1948 டிசம்பரில் 'பரப்புதல்' என்ற சொல்லை நீக்க வேண்டுமென்று அரசியல் நிர்ணய சபையில் சிலர் வாதிட்டபோது, அதைக் காக்கப் பேசியவர்களில் சென்னை மாகாணத்து இந்துக்களான கே. சந்தானமும் டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் இருந்தார்கள். கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் 14 ஆண்டுகள் படித்தும் தம்மை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்று பின்னவர் சபையிலேயே எடுத்துரைத்தார். கூடப் படித்த அனுபவம் அவரைப் பேசவைத்தது. இதை உங்கள் வாலிபர்களுக்கு அவசியம் சொல்லுங்கள்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. நேற்று அம்மாவும் நானும் அண்ணாச்சி வீட்டுக்குப் போனோம். முதலில் அவர் முகங்கொடுக்கவில்லை. அம்மா திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நெடுநேரம் கழித்து, "பேத்திக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை, சத்தத்தில் படிக்க முடியவில்லை" என்றார். கோஷத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒலிபெருக்கியை அன்றிரவே கழற்றிவிட்டோம். மனுவைத் திங்கட்கிழமை கொடுக்கிறோம்.