சென்னை–கொல்கத்தா: வானில் இருக்கும் நேரம் எவ்வளவு?

வணக்கம். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த என் அம்மாவைக் காட்பாடியிலிருந்து கொல்கத்தாவில் உள்ள தங்கை வீட்டுக்கு விமானத்தில் அழைத்துச் செல்ல இருக்கிறேன்.

சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் வான்வழித் தூரம் சுமார் 1,380 கி.மீ.; மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்றாலும், பயணச்சீட்டில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் காட்டுகிறது. புறப்படும் முன் ஓடுதளத்துக்கு ஊர்ந்து செல்வதும், இறங்கியபின் நிறுத்துமிடம் சேர்வதும் அதில் அடங்கும் என்பது புரிகிறது. ஆனால் இருக்கைப் பட்டையைக் கழற்றி, காலை நீட்டி நாலடி நடக்க நடுவில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதை அண்மையில் இத்தடத்தில் சென்றவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

மீனம்பாக்கத்துக்கு, சென்ட்ரல் வரை ரயிலில் போய் மெட்ரோ மாறுவதா, வாலாஜாபேட்டை வழியாகக் காரில் போவதா என்றும் சொல்லுங்கள். படிக்கட்டு ஏறுவது அம்மாவுக்குச் சிரமம்.