கோத்தகிரி ஹோம்ஸ்டேக்களுக்கு ஒரு காலநிலைத் திட்டம்: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: சோலையோரத்து வீடு

வணக்கம். கோத்தகிரியில் லாங்வுட் சோலைக்குப் பக்கத்தில் மூன்று அறைகள் உள்ள ஹோம்ஸ்டே ஒன்றை ஒன்பது ஆண்டுகளாக நடத்திவருகிறேன். சமையல் அம்மாவும் நானும். இந்த ஆண்டு எங்கள் பகுதி ஹோம்ஸ்டே சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கியிருக்கிறார்கள். மொத்தம் 22 வீடுகள். சங்கத்துக்கென்று ஒரு காலநிலைத் திட்டம் வேண்டும் என்று போன கூட்டத்தில் முடிவானது. எழுதும் பொறுப்பு என்னுடையது.

2021 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டின்போது சுற்றுலாத் துறைக்கென்று ஒரு பிரகடனம் வெளியானதல்லவா, அதைப் படித்தேன். 2030க்குள் கரியமில வாயு போன்றவற்றின் வெளியேற்றத்தைப் பாதியாகக் குறைப்பது, 2050க்கு முன்பே நிகர பூச்சியத்தை, அதாவது வெளியேற்றமும் உறிஞ்சுவதும் சமமாகும் நிலையை, எட்டுவது, கையெழுத்திட்ட 12 மாதங்களுக்குள் திட்டத்தை வெளியிடுவது, பிறகு ஆண்டுதோறும் கணக்குக் காட்டுவது. முதல் படியே அளப்பதுதான் என்கிறது. அங்கேதான் நின்றுவிட்டேன். எதை அளப்பது?

ஆலோசனை நிறுவனம் ஒன்று வந்து மாதிரித் திட்டம் காட்டியது. மூங்கில் பல்துலக்கி, துண்டை மறுநாளும் பயன்படுத்தச் சொல்லும் அட்டை, விருந்தினர் கையால் ஒரு மரக்கன்று, கடைசியில் வாசலில் மாட்ட ஒரு சான்றிதழ். இவற்றால் எவ்வளவு குறையும் என்று கேட்டேன். பதில் வரவில்லை. அவர்கள் கேட்ட கட்டணத்துக்கு நான்கு வீடுகளில் சூரிய வெந்நீர்க் கலன் வைத்துவிடலாம்.

இது எனக்கு வெறும் காகித வேலை இல்லை. 2009 நவம்பர் மழையில் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள். கேத்திப் பக்கம் இருந்த என் தாய்மாமா வீட்டின் பின்சுவர் இரவோடு இரவாகச் சரிந்தது. அவர்கள் முன்னறையில் படுத்திருந்ததால் பிழைத்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிக் கொட்டும் மலை, ஏப்ரலில் குடிநீர் லாரிக்குக் காத்திருக்கிறது. லாங்வுட் சோலை வெறும் 116 ஹெக்டேர். சுற்றியுள்ள ஊர்களின் ஊற்றுக்கண் அதுதான். 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது எங்கள் தெருவில் இனிப்பு கொடுத்தோம்.

மூன்று அறை வீடு எதை அளக்க வேண்டும்? எதை விட்டுவிடலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1: அரவேணு

அம்மா, நான் மின்சாரக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் வீட்டுக்கு ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2 கிலோவாட் கெய்சர் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். நம் மின்தொகுப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்தால் 1.4 கிலோ. 14.2 கிலோ சமையல் சிலிண்டர் ஒன்று முழுதும் எரிந்தால் ஏறத்தாழ 42 கிலோ. அது உங்களுக்கு எத்தனை நாள் வரும் என்பது உங்களுக்கே தெரியும்.

இப்போது பெங்களூரிலிருந்து மைசூர், பந்திப்பூர், ஊட்டி வழியாக உங்கள் வீட்டுக்கு வரும் ஒரு கார். ஒரு வழிக்கு 300 கிலோமீட்டர் என்று வையுங்கள். போய்வர 600. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் 40 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 92 கிலோ. மலையேற்றத்தில் இன்னும் கூடும்.

அந்தக் கார் சனிக்கிழமை மாலை வந்து ஞாயிறு காலை திரும்பினால் 92 கிலோவும் ஒரே இரவின் தலையில். அதே குடும்பம் நான்கு இரவு தங்கினால் இரவுக்கு 23. உங்கள் கெய்சர், விளக்கு, அடுப்பு எல்லாவற்றையும் சேர்த்தாலும் இந்த வித்தியாசத்துக்குப் பக்கத்தில் வராது. துண்டு அட்டையைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

ஆகவே பதிவேட்டில் மூன்று பத்திகள் போதும்: எந்த ஊரிலிருந்து, எதில் வந்தார்கள், எத்தனை இரவு. தலைகளை எண்ணாதீர்கள், இரவுகளை எண்ணுங்கள். சுற்றுலா வளர்ந்தது என்று சொல்ல எல்லாரும் வருகையாளர் எண்ணிக்கையைத்தான் காட்டுகிறார்கள். ஒரே குடும்பம் நான்கு நாள் இருப்பதற்கும், நான்கு குடும்பங்கள் நான்கு கார்களில் வந்து ஓடுவதற்கும் உள்ள உண்மையான வித்தியாசம் அந்தக் கணக்கில் தெரியாது. பின்னதுதான் பெரிய வளர்ச்சியாகத் தெரியும்.

மறுமொழி 2: குஞ்சப்பனை ஜீப்

அக்கா, மேட்டுப்பாளையம் – கோத்தகிரி சாலையில் பதினாறு வருடமாக வண்டி ஓட்டுகிறேன். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையம் வந்துவிடுகிறது. மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்காதவர்கள் நிலைய வாசலில் திகைத்து நிற்பதைத் தினமும் பார்க்கிறேன். கோத்தகிரி பஸ் நடக்கும் தூரத்தில் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. பெட்டியும் குழந்தையுமாக இருப்பவர்கள் டாக்சி பிடிக்கிறார்கள். அடுத்த முறை அந்தத் தொந்தரவே வேண்டாமென்று சென்னையிலிருந்தே காரில் வந்துவிடுகிறார்கள்.

அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் வருபவர்களுக்கு இ-பாஸ் (வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர இணையத்தில் எடுக்கும் அனுமதி) வேண்டாம். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தபோது, பாஸ் கிடைக்காமல் அறையை ரத்து செய்தவர்களிடம் இதைச் சொல்ல ஆள் இல்லை. உங்கள் 22 வீடுகளும் சேர்ந்து காலை ரயிலுக்கு ஒரு வேனைப் பேசிவைத்தால் போதும். வந்த பிறகு ஊருக்குள் சுற்ற எங்கள் ஜீப் இருக்கிறது. எங்களுக்கும் பிழைப்பு.

இன்னொன்று. குஞ்சப்பனையில் பலாப்பழ காலத்தில் யானை இறங்கும். சாலை தெரியாத வெளியூர் வண்டிகள் இருட்டில் வந்து ஒலிப்பானை அடித்து அவற்றை மிரட்டுகின்றன. கார் குறைந்தால் அதுவும் குறையும்.

சோலையோரத்து வீடு

ஐயா, உங்கள் கணக்கைப் படித்ததும் போன மே மாதப் பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தேன். என் வீட்டுக்கு வந்தது 31 குடும்பம். 24 குடும்பம் ஒரே இரவு. ரயிலில் வந்தது இரண்டே இரண்டு. நெஞ்சு கனத்துப் போனது. ஓடி ஓடிப் படுக்கை விரிப்பு துவைத்து, யாரையும் முகம் நினைவில்லாமல் அனுப்பிய மாதம் அது. விரிப்புக்குச் செலவான தண்ணீரை இன்னும் கணக்கிடவில்லை.

ஆனால் சங்கத்தில் பாதிப்பேர் சனிக்கிழமை ஒற்றை இரவை நம்பித்தான் கடன் தவணை கட்டுகிறார்கள். அவர்களிடம் ‘விடுங்கள்’ என்று எப்படிச் சொல்வது?

மறுமொழி 3: வேம்பநாட்டுச் சமையல்

நான் கம்பத்துக்காரன். குமரகத்தில் ஒரு விடுதியில் சமையல்காரனாக இருந்தேன். கேரளச் சுற்றுலாத் துறை, ஊர்க்காரர்களுக்கும் பயன் சேரும் ‘பொறுப்புச் சுற்றுலா’வை 2008இல் அங்கே நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது நான் அடுப்படியில் இருந்தவன். குடும்பஸ்ரீ என்ற கேரள மகளிர் குழுக்களின் பெண்கள் விளைவிக்கும் காய்கறியை விடுதிகள் வாங்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதலில் நாங்களே முணுமுணுத்தோம். ஒருநாள் வெண்டைக்காய் முற்றலாக வரும், மறுநாள் வரவே வராது. தரம் பார்க்க ஒரு குழு, விலை பேச ஒரு குழு என்று உட்கார்ந்து பேசிய பிறகுதான் சீரானது. ஊராட்சியும் விடுதியும் பெண்கள் குழுவும் ஒரே மேசையில் உட்கார்ந்ததுதான் அதை நிலைநிறுத்தியது. 2017இல் மாநிலம் முழுவதற்கும் தனி இயக்கமாகவே ஆக்கினார்கள்.

சகோதரி, உங்கள் ஊரில் என்னை உறுத்துவது கேரட். கோத்தகிரித் தோட்டத்துக் கேரட் மேட்டுப்பாளையம் மண்டிக்கு 33 கிலோமீட்டர் இறங்கி, ஏலம் போய், மறுபடி லாரியில் ஏறி உங்கள் கடைத்தெருவுக்கு வருகிறது. பக்கத்துத் தோட்டக்காரரிடம் 22 வீடுகளும் சேர்ந்து வாரப் பட்டியல் கொடுங்கள். விருந்தினரை அதே தோட்டத்துக்கு ஒரு நாள் அழைத்துப் போங்கள். மூன்றாம் நாள் தங்க அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். வரைமுறை மட்டும் போட்டால் ஆள் வராது.

சோலையோரத்து வீடு

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நான் எடுத்துப்போவது இவ்வளவுதான். 22 வீடுகளிலும் ஒரே மாதிரிப் பதிவேடு, அந்த மூன்று பத்திகளோடு. இரண்டாம் இரவுக்கு வாடகையில் கால் பங்கு குறைவு, மூன்றாம் இரவுக்குப் பாதி. ஒற்றை இரவை யாரும் கைவிட வேண்டாம். ஆனால் அதன் விலை ஏறட்டும். ரயிலில் வருபவர்களுக்குச் சங்க வேன். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் மூன்றுக்கும் கூட்டுக் கொள்முதல். எங்கள் தெருவில் இரண்டு தோட்டக்காரர்கள் நேற்றே சம்மதித்துவிட்டார்கள். தண்ணீர் மீட்டர் அடுத்த ஆண்டு, கையில் பணம் வந்தபின்.

மரக்கன்று நடுவதை எடுத்துவிட்டேன். சோலை இருக்கும் இடத்தில் சோலையை விட்டுவைப்பதே பெரிது. அதன் விளிம்பில் பரவும் அந்நியச் செடிகளை அகற்ற வனத்துறை ஆள் கேட்டால் நாங்கள் வருவோம் என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

குஞ்சப்பனைத் தம்பி, வேனுக்கு மாத வாடகை எவ்வளவு ஆகும் என்று சனிக்கிழமைக்குள் சொல்ல முடியுமா? வாரத்தில் ஐந்து நாள், காலை ஒரு நடை, மாலை ஒரு நடை. எண் கையில் இருந்தால்தான் கூட்டத்தில் வாயைத் திறக்க முடியும்.