நகரத்தின் மேம்பாட்டுப் பணத்தைப் பங்கிடும் குழுவில் மூன்று ஆண்டுகள் – உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

டெக்சாஸிலிருந்து

நான் வசிக்கும் நகரத்தில், சமூக மேம்பாட்டு மானியத்தை யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று பரிந்துரைக்கும் குடிமக்கள் குழு ஒன்று உண்டு. அதில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். போன மாதம் பதவிக்காலம் முடிந்தது. மறந்துபோவதற்கு முன் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். குழுவில் இருந்தவர்கள், பணம் கேட்டுப் போய் நின்றவர்கள், கூட்டத்தில் எழுந்து பேசியவர்கள், எல்லோரும் எழுதுங்கள்.

இந்த மானியத்தை சி.டி.பி.ஜி. (Community Development Block Grant) என்று சொல்வார்கள். 1974இல் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்தது. அதற்கு முன் நகரச் சீரமைப்பு, மாதிரி நகரங்கள் என்று தனித்தனியாக ஓடிய திட்டங்களை ஒன்றாகக் கட்டி, 'இந்தா பணம், உன் ஊருக்கு எது தேவையோ நீயே முடிவு செய்' என்று ஃபெடரல் அரசு நகரங்களிடம் கொடுத்தது. 50,000 பேருக்கு மேல் இருக்கும் நகரங்களுக்கு ஹட் எனப்படும் வீட்டுவசதித் துறையிலிருந்து நேரடியாக வருகிறது. மக்கள்தொகை, வறுமை, நெரிசலான வீடுகள், பழைய வீடுகள் இவற்றையெல்லாம் வைத்து ஒரு சூத்திரம். நகரம் கெஞ்சி வாங்குவதில்லை, சூத்திரப்படி வந்துவிடும்.

நீயே முடிவு செய் என்றாலும் வேலிகள் உண்டு. பணத்தில் குறைந்தது 70 சதவீதம் குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்குப் பயன்பட வேண்டும். அந்தப் பகுதியின் இடைநிலை வருமானத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்கள் என்பது கணக்கு. நிர்வாகத்துக்கும் திட்டமிடலுக்கும் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. குழுவில் சேர்ந்த அன்று எனக்குப் புரியாமல், பிறகு தூக்கத்தில்கூட நினைவுக்கு வந்த விதி அடுத்தது: பொதுச் சேவைகளுக்கு 15 சதவீதம்தான் உச்சவரம்பு.

பொதுச் சேவை என்றால் பசித்தவருக்கு மளிகை, வீடில்லாதவருக்கு இரவுத் தங்கல், பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, முதியவர்களுக்குச் சாப்பாடு. நகரத்துக்குப் பத்து லட்சம் டாலர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இவை அத்தனைக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம். மீதி சாலை, சாக்கடைக் குழாய், நடைபாதை, பழைய வீடுகளின் கூரை பழுதுபார்ப்பு என்று போகும். அவையும் வேண்டியவைதான். ஆனால் எங்களிடம் வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை அந்த ஒன்றரை லட்சத்தின் மேல்தான் வந்து விழுந்தன. முதல் ஆண்டு, கேட்ட தொகையைக் கூட்டினால் இருந்த பணத்தைப் போல நான்கு மடங்கு.

நடைமுறை இப்படி. குளிர்காலத்தில் விண்ணப்பம் வாங்குவார்கள். நகராட்சி ஊழியர்கள் முதலில் பார்த்து, விதிக்குள் வராததை ஒதுக்குவார்கள். எங்களுக்கு ஒரு தடித்த கோப்பு வரும். வீட்டில் படித்து மதிப்பெண் போட வேண்டும். தேவை எவ்வளவு, அமைப்புக்கு அனுபவம் உண்டா, வேறு எங்கிருந்து பணம் வருகிறது, கணக்கு சரியாக இருக்கிறதா என்று தலைப்புகள். அப்புறம் இரண்டு மாலைகள் ஒவ்வொருவராக வந்து ஐந்து நிமிடம் பேசுவார்கள், நாங்கள் கேள்வி கேட்போம். கடைசிக் கூட்டத்தில் திரையில் பட்டியலைப் போட்டுவிட்டு, தொகையை எழுதி, அழித்து, திரும்ப எழுதி, இரவு பத்தரை ஆகிவிடும்.

முதல் ஆண்டு நாங்கள் செய்த தவறு, எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தது. யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. ஒரு அமைப்புக்கு மூவாயிரம் டாலர் கொடுத்தோம். மூவாயிரம் வாங்கினாலும் முப்பதாயிரம் வாங்கினாலும் அறிக்கை, ரசீது, பயனாளிகளின் வருமானச் சான்று எல்லாம் ஒன்றுதான். அந்த அமைப்பை நடத்துபவர் பிறகு என்னிடம், 'நீங்கள் கொடுத்த பணத்தை வாங்குவதற்கே அதில் பாதி செலவாகிவிட்டது' என்றார். அடுத்த ஆண்டு குறைந்தபட்சத் தொகை ஒன்றை வைத்துக்கொண்டோம். சிலருக்கு இல்லை என்று சொல்ல வேண்டி வந்தது. அதுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

இன்னொன்று மனதில் தங்கிவிட்டது. அகதிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மாலையில் பாடம் சொல்லித்தந்த சிறிய குழு. விண்ணப்பம் கைவேலை போல இருந்தது. வரவு செலவில் கூட்டல் தவறு. நான் கணக்குத்துறையில் வேலை செய்பவள், குறைந்த மதிப்பெண் போட்டேன். பக்கத்திலேயே ஒரு பெரிய அமைப்பின் விண்ணப்பம், மானியம் எழுதுவதற்கென்றே ஆள் வைத்து எழுதியது, பளபளவென்று. அதற்குப் போனது பணம். மறு ஆண்டு அந்தச் சிறிய குழு விண்ணப்பிக்கவில்லை. விசாரித்தபோது வகுப்பையே நிறுத்திவிட்டார்கள் என்றார்கள். நான் மதிப்பெண் போட்டது விண்ணப்பத்துக்குத்தான், வகுப்புக்கு அல்ல. அதன் பிறகு விண்ணப்ப காலத்துக்கு முன்பே சிறிய அமைப்புகளைக் கூப்பிட்டு இரண்டு மணிநேரம் சொல்லித்தர வேண்டும் என்று குழுவில் விடாமல் கேட்டேன். மூன்றாம் ஆண்டு அது நடந்தது.

எங்கள் முடிவு வெறும் பரிந்துரைதான். திட்டத்தின் வரைவை வெளியிட்டு 30 நாள் பொதுமக்கள் கருத்துக்கு வைப்பார்கள். ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடத்தியாக வேண்டும். பிறகு நகர மன்றம் வாக்களித்து ஹட்டுக்கு அனுப்பும். மூன்று ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் மன்றம் எங்கள் பட்டியலில் கை வைத்தது.

என்னை வருத்தியது காலி நாற்காலிகள். இத்தனை பணத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு ஒரு முறை வந்தவர்கள் நான்கு பேர். அதில் மூவர் விண்ணப்பித்த அமைப்புகளின் ஊழியர்கள்.

———

நியூ ஜெர்சியிலிருந்து

அக்கா, நான் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவள். குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஓர் அமைப்பில் தன்னார்வலர். எங்கள் நகரத்தில் இரண்டு முறை விண்ணப்பித்தோம்.

முதல் முறை போனபோது குழுவில் ஒருவர் கேட்டார்: 'உங்களிடம் வருபவர்களில் எத்தனை பேர் இந்த நகரத்தில் வசிக்கிறார்கள்?' நியாயமான கேள்வி, நகரத்துக்கு வந்த பணம். ஆனால் வீட்டை விட்டு ஓடி வரும் பெண்ணின் முகவரியைத் தாளில் எழுதி நகராட்சிக்குக் கொடுக்க முடியுமா? நாங்கள் தடுமாறினோம். பணம் கிடைக்கவில்லை. அப்புறம் அங்கே இருந்த ஊழியர் ஒருவரே தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். அடிபட்ட பெண்கள், முதியவர்கள், வீடில்லாதவர்கள், கடுமையான உடற்குறைபாடு உள்ள பெரியவர்கள் போன்ற சில பிரிவினரைக் குறைந்த வருமானக்காரர்கள் என்றே விதி எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொருவரிடமும் சம்பளச் சீட்டு கேட்க வேண்டியதில்லை. முகவரிக்குப் பதில் எண் கொடுத்துப் பதிவு வைத்துக்கொள்ளலாம் என்றும் அவர் ஒத்துக்கொண்டார். மறு ஆண்டு கிடைத்தது.

ஆனால் கையில் பணம் வந்துவிடவில்லை. நாம் முதலில் செலவு செய்துவிட்டு ரசீதோடு கேட்டு வாங்க வேண்டும். அதிலும் அந்த ஆண்டு வாஷிங்டனில் பட்ஜெட் தாமதம். நகரத்துக்கு எவ்வளவு வரும் என்பதே தெரியாமல் ஒப்பந்தம் இழுத்துக்கொண்டு போனது. ஐந்து மாதம் ஆலோசகரின் சம்பளத்தை நன்கொடையாளர்களிடம் கைமாற்று வாங்கிக் கொடுத்தோம். உங்கள் மாலை வகுப்புக் குழுவுக்கு ஒருவேளை மானியம் கிடைத்திருந்தாலும், இந்த ஐந்து மாதத்தை அவர்கள் எப்படித் தாண்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். குழுவில் இருப்பவர்கள் இதையும் கேட்க வேண்டும்: முதல் ரசீதுக்குப் பணம் எப்போது வரும்?

———

மிச்சிகனிலிருந்து

நான் குழுவிலும் இல்லை, விண்ணப்பமும் போடவில்லை. மூன்று நிமிடம் பேசினேன், அவ்வளவுதான்.

எங்களோடு இருக்கும் என் மாமனார் சக்கர நாற்காலியில் போகிறவர். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் கூப்பிடு தூரம். நடைபாதை முடியும் இடத்தில் சரிவு இல்லை, விளிம்பு அரையடி உயரம். பனிக்காலத்தில் நாற்காலியைச் சாலையிலேயே தள்ளிக்கொண்டு போவேன். நூலகத்தில் கருத்துக்கேட்பு அறிவிப்பைப் பார்த்து, அவரையும் அழைத்துக்கொண்டு போனேன். நான் பேசி முடித்ததும் அவர் தமிழில் சொன்னார், நான் மொழிபெயர்த்தேன்: 'வேறு எதுவும் வேண்டாம். மருத்துவரிடம் நானே போய்விட்டு வர வேண்டும்.'

அந்த ஆண்டுப் பட்டியலில் எங்கள் தெரு வரவில்லை. மனம் விட்டுவிட்டது. எட்டு மாதம் கழித்து நகராட்சியிலிருந்து கடிதம். ஏதோ ஒரு கட்டட வேலை நிலத் தகராறில் நின்றுபோக, அதற்கு வைத்த பணம் செலவாகாமல் கிடந்ததாம். ஆண்டு முடிய 60 நாள் இருக்கும்போது, செலவாகாத தொகை ஓராண்டு மானியத்தின் ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடாது என்று ஹட் விதி. தாண்டினால் நகரத்துக்குச் சிக்கல். ஆகவே சீக்கிரம் முடிக்கக்கூடிய வேலைகளைத் தேடியிருக்கிறார்கள். கூட்டக் குறிப்பில் எங்கள் தெரு பெயரோடு இருந்தது. திட்டத்தைத் திருத்தி, மறுபடியும் அறிவிப்புக் கொடுத்து, நான்கு முனைகளில் சரிவு போட்டார்கள். மாமா முதல் நாள் நிறுத்தம் வரை போய், பேருந்தில் ஏறாமல் திரும்பி வந்தார். சும்மா போய்ப் பார்த்தேன் என்றார்.

———

கலிஃபோர்னியாவிலிருந்து

அக்கா, இரண்டு கேள்வி. குழுவில் சேரக் குடியுரிமை வேண்டுமா? எங்கள் தமிழ்ச் சங்கம் பொங்கல் விழாவுக்கு இந்த நிதியைக் கேட்கலாமா?

———

டெக்சாஸிலிருந்து

மாமனாரின் பயணத்தை இரண்டு முறை படித்தேன். எங்கள் கூட்டக் குறிப்புகளை யாராவது திரும்பப் புரட்டுவார்களா என்று நான் நினைத்ததுண்டு. நன்றி தம்பி.

ஐந்து மாதக் கேள்வியை நாங்கள் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. புதிதாக வந்திருக்கும் உறுப்பினருக்கு இதை நாளையே சொல்லிவிடுகிறேன்.

குடியுரிமை விஷயம் நகரத்துக்கு நகரம் மாறும். எங்கள் ஊரில் வசித்தால் போதும், நகர மன்றம் நியமிக்கும். உங்கள் நகரச் செயலர் அலுவலகத்தில் கேளுங்கள், காலியிடம் பெரும்பாலும் இருக்கும்.

பொங்கல் விழாவுக்குக் கிடைக்காது. ஆனால் உங்கள் சங்கத்தில் பிள்ளைகளோடு வந்து தங்கிவிட்ட பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு ஆங்கில வகுப்பு, பேருந்தில் போகப் பழக்குவது, மருத்துவமனைப் படிவம் நிரப்ப உதவி, இவை பொதுச் சேவைக்குள் வரும். முதியவர்கள் என்பதால் வருமானச் சான்று தேடி அலைய வேண்டாம். தமிழர்களுக்கு மட்டும் என்று வைக்க முடியாது, எல்லோருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். கோயில் கூடத்தில் நடத்தலாம், வழிபாடு வேறு நேரத்திலோ வேறு இடத்திலோ இருந்தால். நீங்களே சங்க நிர்வாகத்திலும் குழுவிலும் இருந்தால், அந்த விண்ணப்பம் வரும்போது முன்கூட்டியே சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். நான் ஒரு முறை அப்படி அறைக்கு வெளியே போய் நின்றிருக்கிறேன்.

வரவு செலவுப் பக்கத்தை முதலில் நிரப்புங்கள். கூட்டலைச் சரிபார்த்துவிட்டு எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.