பிஎச் கண்ட்ரோலர்ல ஸ்லோப், ஆஃப்செட், பிபி... யாராச்சும் புரியற மாதிரி சொல்லுங்க

டையிங்_ஈடிபி:
திருப்பூர் பக்கம் ஒரு டையிங் யூனிட்ல ஈடிபி (சாயக்கழிவுத் தண்ணியை சுத்திகரிக்கற பிளாண்ட்) பாக்கறேனுங்க. ஆசிட் விட்டு காரத்தை சமப்படுத்தற நியூட்ரலைசேஷன் டேங்க்ல செட் பாயிண்ட் (நிக்க வேண்டிய பிஎச்) 7.5 வெச்சிருக்கோம், ஆனா பிஎச் 6க்கும் 9.5க்கும் நடுவுல ஆடிட்டே இருக்கு. காலிப்ரேஷன் பண்ணினா ஸ்லோப் 88%, ஆஃப்செட் 24 மில்லிவோல்ட்னு காட்டுது, ப்ரோப் போச்சுங்களா? கண்ட்ரோலர்ல பிபியை (ப்ரபோர்ஷனல் பேண்ட்) ஏத்துனு சூப்பர்வைசர் சொல்றார், எலக்ட்ரீஷியன் இறக்குங்கறார். அப்பறம் டெட் டைமும் டெட் பேண்டும் ஒண்ணுதானா?

பஃபர்_ஏழு:
ப்ரோப் போகலைங்க, வயசாயிட்டு இருக்கு. 25 டிகிரில ஒரு பிஎச்சுக்கு 59.16 மில்லிவோல்ட் வரணும், அதுதான் 100% ஸ்லோப், உங்களுது கிட்டத்தட்ட 52 குடுக்குது. ஆஃப்செட்ங்கறது 7 பஃபர்ல (பிஎச் 7னு உறுதியா தெரிஞ்ச கரைசல்) பூஜ்யம் வராம எவ்ளோ தள்ளி நிக்குதுங்கறது. பிளஸ் மைனஸ் 30 வரைக்கும் பொதுவா ஒத்துக்குவாங்க. ஆனா ஸ்லோப் குறைஞ்சதால மட்டும் ஆட்டம் வராது, காலிப்ரேஷன்லயே அது சரியாயிடும். 7 பஃபர்ல இருந்து 4க்கு மாத்தி எவ்ளோ நேரத்துல செட்டில் ஆகுதுனு பாருங்க, இழுத்துச்சுன்னா ப்ரோப்போட ஜங்ஷன்ல (உள்ள இருக்கற கரைசல் வெளித்தண்ணியைத் தொடற நுண்துளை) சாயம் அடைச்சிருக்கும், டைல்யூட் எச்சிஎல்ல (ஹைட்ரோகுளோரிக் ஆசிட்) கழுவிட்டு 3 மோலார் கேசிஎல்ல (பொட்டாசியம் குளோரைடு கரைசல்) ஊற வைங்க. டிஎம் வாட்டர்ல (உப்பு நீக்கின தண்ணி) மட்டும் போட்டு வெச்சுராதீங்க, பல எடத்துல ப்ரோப் சாகறதே அதுலதான்.

லூப்_டியூனர்:
சூப்பர்வைசர் சொல்றதுதான் சரி. கெயின்ங்கறது பிஎச் கொஞ்சம் விலகினா கண்ட்ரோலர் எவ்ளோ பலமா பதில் குடுக்குதுங்கறது, கெயின் = 100 / பிபி. பிபி 50ன்னா கெயின் 2, பிபி 200ன்னா அரை, அதனால பிபி ஏத்துனா ஆட்டம் அடங்கும். எலக்ட்ரீஷியன் கெயினை நெனச்சு சொல்லியிருப்பார், சில கண்ட்ரோலர்ல பிபி வரும் சிலதுல கெயின் வரும், மெனுவை ஒருக்கா பாத்துக்கங்க.

டெட் டைம் வேற, டெட் பேண்ட் வேற. ஆசிட் விழுந்ததுல இருந்து ப்ரோப்புக்கு அது தெரியற வரைக்கும் ஆகற நேரம் டெட் டைம். செட் பாயிண்டைச் சுத்தி கண்ட்ரோலர் கைய கட்டிட்டு நிக்கற எடம் டெட் பேண்ட்.

இன்னொண்ணு, சோடா ஆஷ் தண்ணி பிஎச் 10.3 கிட்டயும் 6.4 கிட்டயும் நல்லா தாங்கும், ஆசிட் கொஞ்சம் கூடப்போனாலும் மெதுவாத்தான் இறங்கும். வெறும் காஸ்டிக் சோடா லோடுன்னா 7 கிட்ட ரெண்டு சொட்டுக்கே சர்ருனு விழுந்துரும். ஒரே டியூனிங் ரெண்டுக்கும் எப்படி ஒத்துவரும்? எல்லாத் தண்ணியும் மொதல்ல சேர்ற ஈக்வலைசேஷன் டேங்க்ல நல்லா கலந்து வருதா?

டையிங்_ஈடிபி:
கலக்கற ப்ளோயர் ஒண்ணு ரிப்பேர்ங்க. ப்ரோப் டேங்க்ல இல்ல, அவுட்லெட் பைப்ல தள்ளி இருக்கு. தண்ணி 45 டிகிரி வரும், ஆனா ஏடிசி (சூட்டுக்கு ஏத்தபடி ரீடிங்கை தானா சரிபண்றது) இருக்கறதால அது பிரச்சனை இல்லைதானே?

பஃபர்_ஏழு:
ஏடிசி எலக்ட்ரோட் ஸ்லோப்பை மட்டும்தான் சரி பண்ணும், 45 டிகிரில 59க்கு பதிலா 63ன்னு எடுத்துக்கும். சூட்டுல தண்ணியோட பிஎச்சே மாறுறதை அது தொடாது. லேப்ல ஆற வெச்சுப் பாத்த ரீடிங்கோட ஒத்துப்போகலைன்னா ப்ரோப்பைத் திட்டாதீங்க.

லூப்_டியூனர்:
பைப்ல தள்ளியா, அப்ப அங்கதான் உங்க டெட் டைம் இருக்கு. ப்ரோப்பை டேங்க்குக்குள்ள கொண்டுவாங்க, ஆசிட் விழற வாய்க்கு நேரா வேண்டாம், அஜிடேட்டர் நல்லா சுத்தற பக்கமா. ப்ளோயரையும் பாத்துருங்க. அதுவரைக்கும் பிபியை யாரும் தொடாம லாக் போட்டு வைங்க.