மேலூர்ப் பக்கம் கண்மாய்ப் பெயர் சேகரித்த அனுபவம், உங்களுடையதையும் எழுதுங்கள்

மேலூரான்:
போன ஐப்பசியில் மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்குப் போயிருந்தேன். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் அது பெயரில்லாத நீலத் திட்டு. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து யாரோ எல்லையைச் சரியாகத்தான் வரைந்திருந்தார்கள். ஆனால் எந்த மடைக்கு என்ன பெயர் என்று மேலிருந்து பார்த்தால் தெரியுமா?

அந்த ஊரில் பல வருடம் நீர்க்கட்டியாக, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடுபவராக இருந்த பெரியவர் கூடவே கரையில் நடந்தார். "இது புளியமரத்து மடை தம்பி. மரம் போயி ரொம்ப நாளாச்சு, பேரு மட்டும் கெடக்கு" என்றார். அப்புறம் மடைத்தூணில் தேய்ந்துபோன ஒரு கோட்டை விரலால் தடவிக் காட்டினார். "தண்ணி இதுக்குக் கீழ எறங்கிட்டா, முறை வச்சுத்தான் பாய்ச்சணும்." அந்தக் கோட்டை நானாகப் பார்த்திருந்தால் கல்லில் விழுந்த கீறல் என்றுதான் நினைத்திருப்பேன்.

நான்கு மடை, ஒரு கலுங்கு (மிகுந்த தண்ணீர் வழியும் இடம்), வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வாய்க்கால்) எல்லாவற்றையும் பெயரோடு அன்று இரவே ஏற்றினேன். மறுவாரம் பார்த்தால், நான் இடம் மாற்றி வைத்திருந்த கலுங்கைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வடகோடிக்கு நகர்த்தித் திருத்தியிருந்தார். அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

நாட்டுமருந்து:
தம்பி, எனக்கு வேறு மாதிரி. அழகர்மலை அடிவாரத்தில் ஒரு பாட்டியிடம் மூலிகை கேட்டு எழுதினேன். ஒரு செடிக்கு மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க கெடைக்குதுன்னு போட்றாத தாயி, வேரோட பிடுங்கிட்டுப் போயிருவாய்ங்க."

எழுதிவைப்பது அவசியம்தான். மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு 1995ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்திய அரசின் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்துப் போய், பழைய நூல்களையும் 1953ல் அச்சான ஒரு மருத்துவக் கட்டுரையையும் காட்டித்தான் 1997ல் அது ரத்தானது. வாய்மொழியாக மட்டும் இருந்திருந்தால் எதைக் காட்டியிருப்பார்கள்? அதனால் செடியின் பெயரையும் பயனையும் எழுதினேன். இடத்தை எழுதவில்லை. பொதுவில் வைத்தபின் திரும்ப வாங்க முடியாது, அதைப் பாட்டிக்குச் சொல்லாமல் எழுதுவது தப்பு.

மேலூரான்:
சரிக்கா, நானும் இனி முதலிலேயே கேட்டுவிடுகிறேன். செடியின் உள்ளூர்ப் பெயரை இணையத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதும் அகராதியான தமிழ் விக்சனரியில் சேர்த்துவிட்டீர்களா? பாட்டி சம்மதித்தால் அவர் உச்சரிப்பதையும் பதிவுசெய்து போடுங்கள். வரும் ஞாயிறு அரிட்டாபட்டி போகிறோம். 2022ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர். சுனைகளின் பெயர்களைக் கேட்டு எழுத வேண்டும். வருகிறவர்கள் சொல்லுங்கள், காலை ஆறு மணிக்கு மேலூரில் இருந்து கிளம்பலாம்.