சிரிஞ்சு பம்ப்பின் விசை அளவீடு பட்டறையில் சரியாகவும் வார்டில் தவறாகவும் வருகிறது – உதவி தேவை

கேள்வி: மருத்துவக் கருவிப் பராமரிப்பாளர், கோத்தகிரி

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் கருவிகளைப் பராமரிக்கும் பணியில் இருக்கிறேன். பச்சிளங்குழந்தைகள் வார்டில், சிரிஞ்சிலிருந்து மருந்தை மெல்ல மெல்லச் செலுத்தும் சிரிஞ்சு பம்ப்புகளில் சில, குழாயில் எந்த அடைப்பும் இல்லாதபோதே அடைப்பு அலாரம் அடிக்கின்றன. 10 மி.லி. சிரிஞ்சு பொருத்தியிருக்கும்போதுதான் பெரும்பாலும் இப்படி நேர்கிறது. அதே பம்ப்பில் 50 மி.லி. சிரிஞ்சை வைத்தால் பெரிதாகத் தொந்தரவு இல்லை.

பம்ப்பைக் கீழே பட்டறைக்குக் கொண்டுவந்து, சர்வீஸ் மெனுவைத் திறந்து, 2 கிலோ எடைக்கல்லை வைத்துப் பார்த்தால் விசை அளவு சரியாகவே காட்டுகிறது. மீண்டும் வார்டுக்கு அனுப்பி, சில மணி நேரம் ஓடிய பிறகு சிரிஞ்சை எடுத்துவிட்டுப் பார்த்தால், எந்தச் சுமையும் இல்லாமலேயே 1.4 நியூட்டன் வரை காட்டுகிறது. எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால், காற்றழுத்தக் குறைவு இதற்குக் காரணமாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். விசையை அளக்கும் உணரியான லோட் செல்லின் சிக்னலை எண்ணாக மாற்றும் சில்லின் தரம் போதவில்லையோ என்பது இன்னொரு சந்தேகம். எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று வழி காட்டினால் உதவியாக இருக்கும்.

பதில்: லோட் செல் தயாரிப்பில் இருப்பவர், கோயம்புத்தூர்

வணக்கம் சார். உயரத்தை முதலில் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். கோத்தகிரியில் காற்றழுத்தம் ஏறத்தாழ 610 மி.மீ. பாதரசம், சென்னையில் 760, வித்தியாசம் பெரியதுதான். ஆனால் லோட் செல் அளப்பது சிரிஞ்சின் உள்தண்டான பிளஞ்சரைத் தள்ளத் தேவைப்படும் விசையை மட்டுமே. பிளஞ்சரின் வெளிப்புறத்தை அழுத்துவதும் குழாயின் மறுமுனையில் இருக்கும் குழந்தையின் உடலைச் சூழ்ந்திருப்பதும் ஒரே காற்று என்பதால், அந்தக் குறைவு இரு பக்கமும் சமமாகக் கழிந்துவிடுகிறது. புவியீர்ப்பும் மலையில் சற்றுக் குறைவுதான்: உங்கள் 2 கிலோ எடைக்கல், நூலில் உள்ள 9.807 என்ற மதிப்பின்படி 19.61 நியூட்டன் தர வேண்டும், அங்கே 19.56 அளவில் தரும். சர்வீஸ் குறிப்பில் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம், ஆனால் 1.4 நியூட்டனுக்கு அது விளக்கமாகாது.

10 மி.லி. சிரிஞ்சில் மட்டும் அலாரம் ஏன் என்பதற்கு விடை பரப்பளவில் இருக்கிறது. பரவலாகக் கிடைக்கும் ஒரு வகை 10 மி.லி. சிரிஞ்சின் உள்விட்டம் 14.5 மி.மீ., அதே வகையில் 50 மி.லி. சிரிஞ்சுக்கு 26.7 மி.மீ. பம்ப் தன் விசை அளவைப் பரப்பளவால் வகுத்துத்தான் அழுத்தமாக மாற்றிக்கொள்கிறது. ஆகவே 1 நியூட்டன் பிழை, 50 மி.லி. சிரிஞ்சில் 13 மி.மீ. பாதரசமாகவும் 10 மி.லி. சிரிஞ்சில் 45 மி.மீ. பாதரசமாகவும் மாறுகிறது. உங்களுடைய 1.4 நியூட்டனைச் சிறிய சிரிஞ்சில் போட்டுப் பாருங்கள்: 60 மி.மீ.க்கு மேல் வருகிறது. குழந்தைகளுக்கு அலாரம் வரம்பைக் குறைத்து வைத்திருப்பார்கள் என்பதால், பிளஞ்சரின் இயல்பான உராய்வோடு இதுவும் சேர்ந்தால் வரம்பைத் தொடுவதில் வியப்பில்லை.

இரண்டு விவரங்கள் தேவை. பட்டறையிலும் வார்டிலும் வெப்பநிலை என்ன? பூஜ்ஜியம் வைக்கும்போது, அதாவது சுமையில்லாத அளவைப் பூஜ்ஜியமாகப் பதியும்போது, பம்ப் எவ்வளவு நேரம் ஓடியிருந்தது, நின்ற நிலையில் இருந்ததா, படுத்த நிலையில் இருந்ததா?

கேட்டவர்

நன்றி சார். பட்டறை கட்டடத்தின் வடக்குப் பக்கம் இருக்கிறது. இந்த மாதத்தில் காலையில் 14 அல்லது 15 டிகிரிதான். வார்டை ஹீட்டர் வைத்து எப்போதும் 27 டிகிரியில் வைத்திருக்கிறார்கள். பூஜ்ஜியம் வைப்பது பம்ப்பை ஆன் செய்தவுடனே. எடைக்கல்லை வைக்க வசதியாகப் பம்ப்பை நிமிர்த்தி நிறுத்தி, தள்ளுதலை (பிளஞ்சரைத் தள்ளும் தலைப்பகுதி) மேல்நோக்கி இருக்கும்படி செய்கிறோம்.

பதில்: மின்னணுவியல் விரிவுரையாளர், உதகமண்டலம்

வணக்கம். சில்லை மாற்றும் எண்ணத்தைத் தள்ளி வைக்கச் சொல்வேன்; காரணம் இது. 200 நியூட்டன் முழு அளவும் ஒரு வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் உணர்திறனும் கொண்ட லோட் செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால், முழுச் சுமையில் வெளிவருவது 10 மில்லிவோல்ட். அதாவது 1 நியூட்டனுக்கு 50 மைக்ரோவோல்ட். கடைத் தராசுகளில் பரவலாக இருக்கும் ஹெச்எக்ஸ் 711 போன்ற மலிவான 24 பிட் சில்லிலேயே, நொடிக்கு 10 அளவீடு என்ற வேகத்தில், இரைச்சல் ஏறத்தாழ 50 நானோவோல்ட்தான். விசையாகச் சொன்னால் ஆயிரத்தில் ஒரு நியூட்டன். சில்லு இவ்வளவு நுணுக்கமாகப் படிக்கும்போது, 1.4 நியூட்டன் என்பது சில்லுக்கு முன்பே சிக்னலில் நுழைந்துவிட்ட 70 மைக்ரோவோல்ட்.

அது எங்கிருந்து வரலாம் என்று பார்ப்போம். லோட் செல்லுக்குள் உலோகத்தின் நெளிவை உணரும் ஸ்ட்ரெயின் கேஜின் தகடு பெரும்பாலும் கான்ஸ்டன்டன் உலோகக் கலவை. அதில் சால்டர் வைத்த கம்பி செம்பு. இந்த இரண்டும் சேரும் முனை ஒரு வெப்பமின் இரட்டை, டிகிரிக்கு ஏறத்தாழ 40 மைக்ரோவோல்ட் தரும். சிக்னல் கம்பிகளின் இரு முனைகளும் ஒரே வெப்பநிலையில் இருக்கும்வரை ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். மோட்டார் டிரைவரின் சூடு ஒரு முனையை மட்டும் மற்றதைவிட இரண்டு டிகிரி கூடுதலாக்கினாலே உங்கள் பிழை முழுவதும் வந்துவிடும். இதைத் தவிர, லோட் செல் உலோகத்தின் விரிவால், கேஜ்களை இணைத்த பிரிட்ஜ் என்ற மின்சுற்றின் சமநிலையே நகர்வதும் உண்டு.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. பயன்பாட்டிலிருந்து விலக்கிய பம்ப் ஒன்றில் லோட் செல்லின் இணைப்பைக் கழற்றி, வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுத்து, வெளியீட்டை நல்ல மைக்ரோவோல்ட் மீட்டரில் படியுங்கள். பிறகு கொடுக்கும் மின்னழுத்தத்தின் துருவத்தை மாற்றி மீண்டும் படியுங்கள். பிரிட்ஜின் சிக்னல் குறி மாறும். வெப்ப மின்னழுத்தம் குறி மாறாது. இரண்டு அளவுகளையும் கூட்டிப் பாதியாக்கினால் கிடைப்பது வெப்ப மின்னழுத்தம் மட்டுமே. இந்த அளவீட்டுக்குரிய மீட்டர் எங்கள் கல்லூரியில் இருக்கிறது. தொட்டபெட்டா வழியாக ஏறி வந்தால் மதியத்துக்குள் முடித்துவிடலாம்.

மூடுபனிக் காலத்தையும் மறக்க வேண்டாம். குளிர்ந்த பம்ப்பை 27 டிகிரி அறைக்குள் கொண்டுபோனவுடன் உள்ளே ஈரம் படியும். கேஜின் முனைகளுக்கிடையே மெல்லிய கசிவு மின்னோட்டம் உண்டாகி, அளவு நிலையில்லாமல் ஆடும். பழைய பம்ப்புகளில் கேஜின் மேல் பூசியிருக்கும் காப்புப் பூச்சு விரிசல் விட்டிருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாகப் படர்ந்திருந்தால், அங்கே ஈரம் புகுந்திருக்க வாய்ப்பு மிகுதி.

பதில்: செவிலியர், குன்னூர்

நீங்கள் எல்லோரும் விசையைப் பற்றிப் பேசுகிறீர்கள். வார்டில் நடப்பதையும் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். காரணமில்லாமல் அலாரம் திரும்பத் திரும்ப அடித்தால், இரவுப் பணியில் இருப்பவர் அழுத்த வரம்பை உயர்த்தி வைத்துவிடும் ஆபத்து இருக்கிறது. அப்படி உயர்த்தியதை மறுநாள் யாரும் கவனிக்காவிட்டால், உண்மையான அடைப்பு வரும்போது பம்ப் நெடுநேரம் வாய் திறக்காது. மணிக்கு 1 மி.லி. என்ற வேகத்தில் 50 மி.லி. சிரிஞ்சு ஓடினால், அலாரம் வர அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். இதயத் துடிப்பைத் தாங்கும் மருந்து போய்க்கொண்டிருக்கும் குழந்தைக்கு அந்த நேரம் மிகவும் நீண்டது. அதனால் பூஜ்ஜியம் எதிர்த் திசையில் நகர்ந்து, அலாரம் தாமதமாகும் பம்ப் ஏதாவது இருக்கிறதா என்றும் தயவுசெய்து பாருங்கள். சத்தம் போடும் பம்ப்பைப் பற்றி உங்களிடம் புகார் வரும். சத்தம் போடாத பம்ப்பைப் பற்றி வராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிளஞ்சரின் வட்டத் தலை தள்ளுதலையின் இரு கவ்விகளுக்குள்ளும் முழுமையாக உட்காராமல் ஒரு பக்கம் ஏறி நிற்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். மேலும், மருந்துக் கடையிலிருந்து வேறு தயாரிப்பின் சிரிஞ்சு வந்திருக்கும். பம்ப்பின் மெனுவிலோ பழைய பெயரே இருக்கும். இந்த இரண்டும் அளவை மாற்றாதா?

பதில்: லோட் செல் தயாரிப்பில் இருப்பவர், கோயம்புத்தூர்

சிஸ்டர் கேட்ட இரண்டுமே அளவை மாற்றும். தயாரிப்புக்குத் தயாரிப்பு உள்விட்டமும் வேறு, ரப்பர் தலையின் உராய்வும் வேறு. கையால் செலுத்தும் சிரிஞ்சுக்கு ஐஎஸ்ஓ 7886-ன் முதல் பகுதியும் பம்ப்பில் ஓடும் சிரிஞ்சுக்கு இரண்டாம் பகுதியும் தனித்தனியாக இருப்பதே, பம்ப்புக்குள் போகும் சிரிஞ்சின் விசையும் நெகிழ்வும் தனியாகக் கவனிக்கப்பட வேண்டியவை என்பதால்தான். மெனுவில் பெயர் பொருந்தாத சிரிஞ்சை வைத்துவிட்டு லோட் செல்லைக் குறை சொல்ல முடியாது.

தலை சாய்ந்து உட்காருவதைத் தராசுக்காரர்கள் செய்யும் மூலைச் சோதனையால் கண்டுபிடிக்கலாம். எடைக்கல்லைத் தள்ளுதலையின் நடுவில் வைத்து ஓர் அளவும், ஓரங்களுக்கு நகர்த்தி மற்ற அளவுகளும் எடுங்கள். ஓரத்தில் வைக்கும்போது அளவு கணிசமாக மாறினால், அந்த லோட் செல் நேர்விசையோடு வளைவையும் சேர்த்துப் படிக்கிறது என்று பொருள். எண்களைத் திருத்தி இதைச் சரிசெய்ய வழியில்லை. உறுப்பை மாற்றத்தான் வேண்டும்.

நிமிர்த்தி வைத்துப் பூஜ்ஜியமாக்குவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தள்ளுதலையின் முகப்புத் தகட்டை லோட் செல் தாங்கியிருந்தால், நிமிர்ந்த நிலையில் அதன் எடையும் அளவில் சேரும். 60 கிராம் தகடு 0.6 நியூட்டன். நிமிர்ந்த நிலையில் அதைப் பூஜ்ஜியம் என்று பதிந்துவிட்டுப் படுக்கவைத்தால், பிழை அந்த அளவுக்கு எதிர்த்திசையில் போகும். அது சிஸ்டர் அஞ்சுகிற தாமதத்தின் பக்கம். எடைக்கல்லால் சரிவை, அதாவது சுமை ஏறும்போது அளவு எவ்வளவு ஏறுகிறது என்பதை, மட்டும் சரிபாருங்கள். பூஜ்ஜியத்தைப் படுத்த நிலையில், வார்டில் இருக்கும் கோணத்திலேயே வையுங்கள்.

லோட் செல் எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். தள்ளுதலைக்குள்ளேயே இருந்தால் வழிகாட்டித் தண்டின் உராய்வு அளவில் சேராது. திருகுத் தண்டின் முனையில் இருந்தால், குளிரில் இறுகும் கிரீஸ் உட்பட நடுவில் உள்ள எல்லா உராய்வும் சேர்ந்துகொள்ளும்.

கடைசிச் சரிபார்ப்பை எடைக்கல்லோடு நிறுத்தாமல், சிரிஞ்சோடு செய்வதே என் பழக்கம். தண்ணீர் நிரப்பிய 10 மி.லி. சிரிஞ்சு, மூவழி வால்வு, டிஜிட்டல் மானோமீட்டர் (அழுத்தமானி) மூன்றையும் காற்றுக்குமிழி இல்லாமல் இணைத்து, மானோமீட்டரைச் சிரிஞ்சின் மட்டத்திலேயே வைத்து, வெளிவழியை மூடிப் பம்ப்பை ஓடவிடுங்கள். அழுத்தம் 100, 200, 300 மி.மீ. பாதரசம் வரும்போது விசையைக் குறித்துக்கொண்டு ஒரு நேர்கோடு வரையுங்கள். 14.5 மி.மீ. விட்டத்துக்கு ஒவ்வொரு 100 மி.மீ.க்கும் 2.2 நியூட்டன் ஏற வேண்டும். கோடு விசை அச்சை வெட்டும் இடம், உராய்வும் பூஜ்ஜியப் பிழையும் சேர்ந்தது. சரிவு தவறினால் குறை லோட் செல்லிலோ விசையின் பாதையிலோ. சரிவு சரியாக இருந்து வெட்டும் இடம் மட்டும் நகர்ந்தால் பூஜ்ஜியத்தில்.

கேட்டவர்

சொன்னபடி செய்து பார்த்த முடிவுகளைத் தருகிறேன்.

விலக்கி வைத்திருந்த பம்ப்பை உதகைக்கு எடுத்துச் சென்று துருவத்தை மாற்றி அளந்தோம். குளிர்ந்த நிலையிலும், மோட்டாரை நெடுநேரம் ஓடவிட்ட பிறகும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டபோது, நகர்ந்த 70 மைக்ரோவோல்ட்டில் ஏறத்தாழ 45 மைக்ரோவோல்ட் குறி மாறாமல் நின்றது. மூடியைத் திறந்து பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரிந்தது: லோட் செல்லின் நான்கு கம்பிகளில் இரண்டு சேரும் சால்டர் முனை, மோட்டார் டிரைவர் பலகையின் ஓரத்தை உரசாத குறையாக இருந்தது, மற்ற இரண்டும் பிளாஸ்டிக் தடுப்புக்கு அப்பால் இருந்தன. லோட் செல் தள்ளுதலைக்குள்ளேதான் இருக்கிறது. முகப்புத் தகட்டையும் அதுவே தாங்குகிறது.

பம்ப்பின் உள்ளமைப்பை நாங்களே மாற்றுவதில்லை என்பதால், இந்த விவரங்களைப் படங்களுடன் தயாரிப்பாளரின் சர்வீஸ் பிரிவுக்கு எழுதியிருக்கிறோம். அதுவரை பூஜ்ஜியத்தை வார்டிலேயே, பம்ப் அரை மணி நேரம் ஓடிய பிறகு, படுத்த நிலையில் வைக்கிறோம். மீதமுள்ள பம்ப்புகளில் நகர்வு 0.2 நியூட்டனுக்குள் அடங்கிவிட்டது. மானோமீட்டர் சோதனையில் ஒரு பம்ப்பைத் தவிர எல்லாமே 100 மி.மீ.க்கு 2.2 நியூட்டனை ஒட்டி வந்தன. அந்த ஒன்றில் 2.5 வந்தது, மூலைச் சோதனையிலும் அதுவே தோற்றது. அதைப் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிட்டோம்.

சிஸ்டர் கேட்டது போலத் தேடியதில், எதிர்த்திசையில் 0.5 நியூட்டன் நகர்ந்திருந்த பம்ப் ஒன்றும் கிடைத்தது. அதைப் பற்றி எந்தப் புகாரும் வந்ததே இல்லை. வார்டு முழுவதிலும் அழுத்த வரம்புகளை மருத்துவர் குறித்த மதிப்புக்கே திருப்பி வைத்திருக்கிறோம்.

ஒரு கேள்வி மட்டும் மீதி இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது பூஜ்ஜியத்தை மீண்டும் சரிபார்த்தால் போதுமா?

பதில்: மின்னணுவியல் விரிவுரையாளர், உதகமண்டலம்

போதாது. கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழையும் நன்றாகவே கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் பக்கம் ஈரம் மிகுதி. இரண்டு மழைக்கும் முன் ஒருமுறை, தை மாதக் குளிரில் ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு முறையும் அறையின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பூஜ்ஜியத்தின் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ஒரு பம்ப்பின் பூஜ்ஜியம் வெப்பநிலையைப் பின்பற்றி நகராமல், ஒரே திசையில் மெல்ல ஏறிக்கொண்டே போனால், கேஜின் ஒட்டு விடத் தொடங்கிவிட்டது என்று கொண்டு அதை உடனே விலக்கிவிடுங்கள்.